கரண்ட் பில் குறைந்த வீடு

1

செத்துப்போய் ஆறு வருடமான என் மாமனாருக்கு மின்சார அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வாங்கிக்கொண்டது என் மனைவி கஸ்தூரி. கன்னடத்தில் டைப் அடித்திருந்தது. அவள் இந்த ஊரில் பிறந்தவள், கார்ப்பரேஷன் பள்ளியில் கன்னடம் படித்தவள். வாசலிலேயே நின்று படித்துவிட்டு உள்ளே வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். இந்த வீட்டின் மின்சாரச் செலவு கடந்த இரண்டு பில்களில் பாதிக்கும் கீழே போய்விட்டது, மீட்டரில் கை வைத்திருப்பதாகச் சந்தேகம் இருக்கிறது, ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தராவிட்டால் இணைப்பைத் துண்டித்து வழக்குப் போடுவோம் என்பது அதன் சாரம்.

நம் செங்கம் பக்கத்தில் பில் கூடினால்தான் சண்டை. குறைந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டோம். பெங்களூரில் குறைந்தாலும் கேள்வி உண்டு. நான் இந்த ஊருக்கு வந்து வருகிற தையோடு இருபது வருடம் முடிகிறது. இங்கே ஏன் இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது.

நோட்டீஸைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. யார் எழுதிப் போட்டிருப்பான் என்ற எண்ணம்தான் வந்தது. சந்து முழுவதையும் ஒரு முறை மனதுக்குள் நடந்து வந்தேன். ஆறு வீட்டுக்காரர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. லைன்மேனைச் சேர்த்தால் ஏழு.

2

பெங்களூரில் எதற்கடா வெந்நீர் என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். நம் ஊரில் சித்திரை மாதம் மொட்டைமாடித் தொட்டியைத் திறந்தால் கை வைக்க முடியாது. சூட்டை வெளியே நிறுத்துவதற்குத்தான் அங்கே படாத பாடு. இங்கே கதை வேறு. கார்த்திகை பிறந்தால் காலைத் தண்ணீர் எலும்பைத் தொடும். கஸ்தூரிக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஐந்து மணிக்குக் கிளம்புகிறவள், நாலரைக்குத் தலைக்குக் குளித்தாக வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ஆஸ்பத்திரி நாற்றம் போக மறுபடியும் குளிப்பாள். இரண்டு குளியலுக்கும் வெந்நீர்.

அடுகோடி என்கிற பேட்டையில் எங்கள் வீடு இரண்டு அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு. மாமனார் கட்டியது. முன்பெல்லாம் வாளியில் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிடுவோம். ஒரு நாள் கஸ்தூரி சுவிட்சை அணைக்காமல் வாளியைத் தொட்டு, கை மரத்து, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு சிவாஜிநகரில் பழைய சாமான் கடைகளுக்குப் போனேன். குஜிரி என்பார்கள் இங்கே. இடித்த லாட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றி வந்த கீசர் ஒன்று கிடைத்தது. பழையது, ஆனால் உள்தொட்டி செம்பு. சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்தக் கீசர் பகலும் இரவும் கரண்ட் குடித்தது. அணைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும். அணைக்காவிட்டால் தானாக ஏறுவதும் இறங்குவதுமாக நாள் முழுக்க டக் டக் என்று சத்தம் போடும். மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்களில் சமையல் கரண்ட் அடுப்பில். பில் வருகிற நாளில் கஸ்தூரி என்னிடம் பேசமாட்டாள்.

3

என் தொழிலைச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு ஓடினவன் நான். பம்பாயில் லாட்ஜில் தட்டுக் கழுவினேன். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் பழுதுக்கு வந்த கப்பல்களில் நீராவிக் குழாய்க்குப் பஞ்சு சுற்றும் வேலை பழகினேன். லாகிங் என்பார்கள். குழாயில் ஓடுகிற சூடு வெளியே போகாமல் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, கம்பி வலையால் இறுக்கி, மேலே தகடு போர்த்துவது. பஞ்சின் தூள் தோலுக்குள் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே போகும் என்பதால் இந்த வேலைக்காரர்கள் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்போம். ஊர் உலகத்துக்கெல்லாம் சூட்டைக் காத்துக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு குளிக்கிற தொழில் இது. பெங்களூரில் ஓசூர் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் அதே வேலை. ஹாஸ்டல், ஆஸ்பத்திரி சமையலறைகளின் பாய்லர்களுக்குச் சுற்றுகிறோம்.

இத்தனை வருடம் ஊரார் பாய்லருக்குச் சுற்றியவன் சொந்த வீட்டுக் கீசரை நினைக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளித்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வைத்திருந்த பஞ்சு நனைந்து மக்கி, அடியில் அடையாக உட்கார்ந்திருந்தது. தொட்டியின் மேல்பாதி வெறும் செம்பு. பட்டறை முதலாளியிடம் கேட்டு வெட்டுத் துண்டுகளை வாங்கி வந்தேன். கம்பி வலைக்குள் பஞ்சை வைத்துத் தைத்து மெத்தை செய்து, தொட்டிக்கு நான்கு விரல் கனத்துக்குச் சுற்றினேன். பழைய தகடு அதன் மேல் மூடாது என்பதால் புதிதாக வளைத்தேன். குளியலறை வரை போகிற குழாயையும் விடவில்லை. அன்று மாலை சூடாக்கி அணைத்தேன். மறுநாள் நாலரைக்குக் கஸ்தூரி குளித்துவிட்டு, சுவிட்ச் போடாமலே இப்படி வருகிறதே, இதில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள்.

பிறகு ஷீட்டுக்கு அடியில் தெர்மகோல் ஒட்டி, மேலே ஒட்டுப்பலகை அடித்தேன். குளிர்காலத்தில் பனி இறங்குவது நின்றது. கடைசியாக ஒரு சோற்றுப் பெட்டி. மரப்பெட்டிக்குள் நாலு பக்கமும் பஞ்சு, அதன் மேல் தகடு, நடுவே பானைக்கு அளவாகக் குழி. அரிசி ஒரு கொதி வந்ததும் பானையை அதில் இறக்கி மூடிவிட்டால் அடுப்பு இல்லாமலே வெந்துவிடும். கஸ்தூரி நம்பவில்லை.

"சோத்துக்குப் படுக்கை போட்டிருக்கியா? தலைகாணி எங்கே?"

ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. ஒரு நாள் நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு பருப்பையும் அதிலேயே வைக்க ஆரம்பித்தாள். அடுத்த பில் வந்தபோது மூன்று முறை படித்தாள். நான் இரண்டு முறை. அவர்கள் கணக்கில் ஏதோ தப்பு என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம். அதற்கடுத்த பில்லும் அப்படியே வந்தது. மூன்றாவதாக வந்தது நோட்டீஸ்.

4

நோட்டீஸ் வந்த செய்தி சந்துக்குள் பரவ அரை நாள் ஆகவில்லை. முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அன்வர் வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏழுமலை அண்ணே, நமக்குள்ளே என்னா இருக்கு? காந்தம் எங்கே வாங்கினே, அதை மட்டும் சொல்லு."

மீட்டர் சக்கரத்தை மெதுவாக்க வைக்கிற காந்தத்தைக் கேட்கிறான். காந்தம் இல்லை, பஞ்சு என்று சொல்லிக் கீசரைக் காட்டினேன். தட்டிப் பார்த்தான். பெட்டியைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்தான்.

"கரண்ட்டுக்கு என்னா சளியா புடிச்சிருக்கு, பஞ்சு சுத்தறதுக்கு? சொல்ல இஷ்டமில்லேன்னா பேடா, வேணாம்னு சொல்லிடு. கதை விடாதே."

கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவன்தான் எழுதிப் போட்டிருப்பான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுதிப் போட்டவன் வந்து வித்தை கேட்பானா என்று யோசித்து அவன் பெயரை அடித்தேன். பிறகு, அதற்காகவே வந்து கேட்டிருக்கலாம் என்று தோன்றி மறுபடியும் சேர்த்தேன். தொண்ணூற்றொன்று கடைசியில், காவிரிக் கலவரத்தில், தமிழ்ப் பேச்சுக் கேட்டாலே அடித்த அந்த நாட்களில் எங்களை நான்கு நாள் தன் பட்டறைக்குள் வைத்து ஷட்டரை இறக்கியவன் இதே அன்வர்தான். அப்படியும் சந்தேகப்பட்டேன். பஸ்ஸில் இன்றைக்கும் நான் சில்லறை கேட்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. ஒருமுறை ஒளிந்தவனுக்கு இது போவதில்லை.

இந்த நாட்களில் வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவன் என் மகன் பிரகாஷ். பி.யூ.சி. இரண்டாம் வருடம், நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி, சயின்ஸ். தெருவில் கன்னடம், காலேஜில் இங்கிலீஷ். தமிழ் எங்களோடு மட்டும், அதுவும் ஆமாம், இல்லை, தெரியாது என்ற மூன்று சொல்லில். தமிழ் எழுத வராது. என் கையெழுத்தைப் பார்த்து இது என்ன கோலமா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறான். நோட்டீஸை அவனும் படித்தான். படித்துவிட்டு மீட்டர் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

5

விளக்கத்தைக் கன்னடத்தில்தான் எழுத வேண்டும். கஸ்தூரிக்குப் படிக்க வரும், ஆபீஸ் நடையில் எழுத வராது. ஆகவே மாலையில் பிரகாஷைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்ல, அவன் கன்னடமாக்கி எழுதுவதாக ஏற்பாடு. ஐயா, நாங்கள் எந்தத் திருட்டும் செய்யவில்லை என்று ஆரம்பித்தேன். பேனா நகரவில்லை.

"செஞ்சியா, இல்லையா?" என்றான்.

"என்னடா கேள்வி இது?"

"முன்னே செஞ்சோமில்லே."

அவன் சொன்னது உண்மை. மாமனார் உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் என்னைச் சேர்க்கவில்லை. ஊர் தெரியாதவனுக்கு மகள் போனாள் என்று கோபம். ஆகவே ஆரம்ப வருடங்களில் ஒரு கல் யார்டுக்குப் பின்னால் குடிசையில் இருந்தோம். குடிசைகளுக்கு இணைப்புக் கிடையாது. பொழுது சாய்ந்ததும் கம்பத்து லைனில் கொக்கி போட்டு வரிசை முழுவதும் கரண்ட் எடுக்கும், விடிவதற்குள் கழற்றிவிடும். நான் உயரம் என்பதால் கொக்கி போடுவது என் வேலை. பிரகாஷுக்கு அப்போது ஆறு வயது. லைன்மேன் சைக்கிள் வருகிறதா என்று சந்து முனையில் நின்று பார்ப்பது அவன் வேலை. வந்தால், மாடு வருது மாடு வருது என்று கத்த வேண்டும். வரிசையில் யாரிடமும் மாடு கிடையாது. ஒரு நாள் லைன்மேன் நிஜமாகவே வந்துவிட்டார். இவன் கத்தினான். அவர் சைக்கிளை நிறுத்தி, எங்கேப்பா மாடு என்று கேட்டார். இவன் சுற்றிலும் பார்த்துவிட்டு அழுதான். அவர் ஒன்றும் செய்யாமல் போய்விட்டார். எங்கே மாடு என்பதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் ஒரு தடவையும் சிரித்ததில்லை என்பது, பேனாவைப் பிடித்தபடி அவன் என்னைப் பார்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

"அது வேற, இது வேற" என்றேன்.

"யாராவது கேட்டா நாம ஒண்ணும் செய்யலேன்னு சொல்லுன்னு அப்பவும் நீதான் சொன்னே. இப்பவும் அதையேதான் எழுதச் சொல்றே."

அடிக்கக் கை எழுந்தது. கஸ்தூரி நடுவில் வந்து நின்றாள். ஆனால் அவளும் ஒன்று செய்தாள். மகனைத் திட்டாமல் என் பக்கம் திரும்பி, ஏதாவது செய்திருந்தால் என்னிடமாவது சொல்லிவிடு என்றாள். அதே வெந்நீரில் நான்கு மாதமாகக் குளிக்கிறவள்.

மறுநாள் பிரகாஷ் காலேஜுக்குப் போகவில்லை. மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரோடு ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தான். மீட்டருக்கு முன்னாலிருந்து தனியாக ஒயர் இழுத்திருந்தால் டெஸ்டர் விளக்கு எரியும். எரியவில்லை. அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றை நூலில் கட்டி மீட்டரைச் சுற்றிலும் தொங்கவிட்டுப் பார்த்தான். காந்தம் இருந்தால் இழுக்கும். இழுக்கவில்லை. மீட்டரின் ஈய முத்திரையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். கடைசியில் கீசரை மட்டும் போட்டுவிட்டு, மீட்டருக்குள் அந்தச் சிவப்புக் கோடு போட்ட சக்கரம் சுற்றுகிறதா என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சுற்றியது. கீசர் தானாக அணைந்ததும் நின்றது. எத்தனை நேரம் கழித்து மறுபடி சுற்றுகிறது என்று கடிகாரம் பார்த்தான். நேரமாயிற்று, சுற்றவில்லை. சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. அதற்கடுத்த நாளும் அதையே செய்தான். நான் வேலைக்குப் போவதும் வருவதுமாக அவனைத் தாண்டித்தான் நடந்தேன். பட்டறையில் பாய்லர் ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு பக்கத்துக்குக் கன்னடத்தில் எழுதி நீட்டினான். இங்கே கையெழுத்துப் போடு என்று இடத்தைக் காட்டினான். போட்டேன்.

6

கடிதத்தோடு நானும் கஸ்தூரியும் கரண்ட் ஆபீஸுக்குப் போனோம். மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும் என்றார் கிளார்க். அவர் வர வேண்டுமென்றால் தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்று கஸ்தூரி கன்னடத்தில் சொன்னாள். கிளார்க் சிரிக்கவில்லை. அப்படியானால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்ற விண்ணப்பம் என்றார். மூன்றுக்கும் மூன்று ஆபீஸ். அதற்குள் ஏழு நாள் முடிந்துவிடும் என்று கஸ்தூரி குரலை உயர்த்தியதில் உள்ளே இருந்த இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். கடிதத்தை வாங்கினார். நின்றபடியே படித்தார். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மீதியைப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னை நெடுநேரம் பார்த்தார். சரி, ஏதோ பணம் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். நாளை மாலை வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு லைன்மேனோடு வந்தார். மீட்டரைப் பார்த்தார். கீசர் சூடாகி அணையும் வரை நின்றார். அணைந்ததும் அதன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் காகிதம் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட்டார். டீ வேண்டாம் என்றார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

காலை ஏழு மணிக்கு மறுபடி வந்தார். கஸ்தூரி குளிக்காமல், வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள். காகிதம் கிழியவில்லை என்று பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து கையை நீட்டினார். சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். லைன்மேனைக் கூப்பிட்டு அவர் கையையும் வைக்கச் சொன்னார். கஸ்தூரி சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். இன்ஜினியர் அதிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

யார் சார் எங்கள் மேல் எழுதிப் போட்டது என்று கேட்டேன். யாரும் இல்லை, கம்ப்யூட்டர் என்றார். செலவு திடீரென்று குறைந்த வீடுகளை அது பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏழு பேரும் ஒரே நொடியில் குற்றமற்றவர்களாகிப் போனார்கள். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தார். தெரிந்த தமிழில் பேசினார்.

"முப்பது லெட்டர் வந்திருக்கு நமக்கு. எல்லார்க்கும் ஒண்ணுமே தெரியாது. இது ஒண்ணுதான் எல்லாம் தெரிஞ்சு எழுதினது. அதுக்குத்தான் நேரா வந்தேன்."

பிறகு அதைச் சத்தமாகக் கன்னடத்தில் வாசித்தார். எனக்குக் கன்னடம் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக வாசித்ததால் ஒரு வரியும் தவறவில்லை. முன்பு நாங்கள் குடிசையில் இருந்தபோது லைனில் கொக்கி போட்டு மின்சாரம் திருடியிருக்கிறோம். கொக்கி போட்டது நான். என் மகன் காவல் நின்றான். அதனால் இப்போது நான் செய்யவில்லை என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. இரண்டு நாள் சோதித்தான். சோதித்த விதம் கீழே எழுதப்பட்டுள்ளது. இந்த வீட்டில் திருட்டு இல்லை. தாங்களும் சோதித்துப் பார்க்கலாம். இப்படிக்கு, அதன் கீழே தமிழில் என் கையெழுத்து.

கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாஷ் கதவோரம் நின்றிருந்தான். போலீஸ் வரும் என்று நான் வாசலைப் பார்த்தேன். இன்ஜினியர் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதி, மீட்டர் சரியாக இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். சட்டைப் பையிலிருந்த ஃபியூஸை எடுத்துப் பிரகாஷ் கையில் கொடுத்தார்.

"அந்தக் குடிசை நம்ம செக்‌ஷன்லே வராது" என்றார் என்னிடம். சீக்கிரம் பெயர் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

7

அவர்கள் போனதும் மகனிடம் கேட்டேன்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே இதெல்லாம் எழுதியிருக்கேன்னு சொல்லியிருக்கலாமில்லே?"

"படிச்சுக் காட்டுன்னு நீ கேக்கலையே ப்பா" என்றான்.

பம்பாய் லாட்ஜில் முதலாளி நீட்டிய தாளை, வேறு ஒரு ஆளைக் கூட்டி வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். துறைமுகத்தில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு காண்ட்ராக்டர் கொண்டுவந்த தாளுக்கு மூன்று நாள் போட மறுத்து வேலையை இழந்தேன். கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றுகூட, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கஸ்தூரியை இரண்டு முறை வாசிக்க வைத்தேன். அவள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தெரியாத எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதி இவன் நீட்டியபோது மட்டும் கேட்கவே தோன்றவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவெடுத்து நம்பியது இல்லை அது. பேனாவை வாங்கினேன், போட்டேன், அவ்வளவுதான்.

நான் அவனை ஒன்றும் கேட்காமல் நம்பினேன். அவன் என்னை நம்பாமல் இரண்டு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தான். இதில் யார் செய்தது சரி என்று ஊரில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். என்னைக் கேட்டால், அவன் செய்ததுதான்.